மூன்று வருடம்கூட ஆகாத காரில் இன்ஜின் தேய்மானமா? ஆயில் ரிப்போர்ட்டும் வாரண்டி பயமும்

உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார். வாங்கி இரண்டு வருடம் எட்டு மாதம், ஓடியது 31,000 கி.மீ. மூன்று வருட வாரண்டியில் நான்கு மாதம்தான் பாக்கி. போன சர்வீஸில் வடித்த ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஆயில் 10,000 கி.மீ. ஓடியது. ரிப்போர்ட்டில் இரும்பு 38, செம்பு 71, ஈயம் 2, அலுமினியம் 8, சிலிக்கான் 34, எல்லாம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில். ஆயிலில் பெட்ரோல் கலப்பு 3.5 சதவீதம். செம்பையும் சிலிக்கானையும் லேப் சிவப்பில் போட்டிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். சர்வீஸ் சென்டரில் "இதெல்லாம் நார்மல் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்ஜின் போய்விட்டதா, இந்த ரிப்போர்ட்டைக் காட்டினால் வாரண்டியை ரத்து செய்துவிடுவார்களா என்பது உங்கள் கேள்வி.

முதலில் நேரடி பதில். இந்த ரிப்போர்ட்டை வைத்து இன்ஜின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. காட்டினால் வாரண்டியும் போகாது. ஆனால் இதை மட்டும் நீட்டினால் அங்கே யாரும் இன்ஜினைத் தொடவும் மாட்டார்கள். வாரண்டி என்பது எழுத்தில் பதிவான அறிகுறியை வைத்து நடக்கிற விஷயம். உங்களிடம் இப்போது இருப்பது ஒரு சந்தேகம். அதை நான்கு மாதத்துக்குள் அவர்களுடைய காகிதத்தில் ஏற்றியாக வேண்டும்.

எண்களைப் பார்ப்போம். லேப் சிவப்பில் போட்டாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல லேப்கள் ஒரே இன்ஜின் வகையின் சராசரியோடு ஒப்பிட்டு நிறம் போடுகின்றன. அந்தச் சராசரியில் நன்றாகப் பழகிய பழைய இன்ஜின்களும் இருக்கும். புது இன்ஜின் முதல் சில ஆயில் மாற்றங்கள் வரை உலோகத்தைக் கூடுதலாகவே உதிர்க்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும் காலம் அது. அதோடு, எண்ணை ஆயில் ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். இரும்பு 38 என்பது 10,000 கி.மீ.க்கு. ஆயிரம் கி.மீ.க்கு நான்குகூட வரவில்லை. இதே 38 வெறும் 3,000 கி.மீ.யில் வந்திருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன்.

செம்பு 71 பார்க்க பயமாகத்தான் இருக்கும். செம்பு என்றதும் எல்லோருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் ஞாபகம் வரும். ஆனால் புது கார்களில் செம்பு அதிகமாக வருவதற்கு சாதாரண காரணம் ஆயில் கூலர். அதற்குள் இருக்கும் செம்புப் பரப்போடு ஆயிலில் உள்ள ரசாயனம் வினை புரிந்து செம்பைக் கரைத்து எடுக்கும். அது தேய்மானமே இல்லை. பரப்பில் ஒரு படலம் உருவான பிறகு தானாகக் குறையும். பேரிங்கிலிருந்து வரும் செம்பு பெரும்பாலும் தனியாக வராது, கூடவே ஈயமோ வெள்ளீயமோ ஏறும். உங்கள் ரிப்போர்ட்டில் ஈயம் 2 தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈயம் குறைவாக இருக்கிறது, அதனால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இப்போது முழுதாகச் செல்லாது. சுற்றுச்சூழல் விதிகளுக்காக இன்றைய பேரிங்குகளில் பெரும்பாலானவை ஈயம் இல்லாமலே வருகின்றன. மேல் பூச்சில் வெள்ளீயம், பிஸ்மத், அலுமினியக் கலவை, பாலிமர் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த முறை லேபில் வெள்ளீயத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிலிக்கான் இரண்டு வழியில் வரும். இன்ஜினைப் பொருத்தும்போது தடவிய சீலன்ட் பசையிலிருந்து கொஞ்ச காலம் கசியும், இதனால் கெடுதல் இல்லை. இன்னொன்று தூசி, இதுதான் கெடுதல். மண் தூசியில் சிலிக்கானோடு அலுமினியமும் இருப்பதால் தூசி உள்ளே போனால் இரண்டும் சேர்ந்து ஏறும். தூசி தேய்க்கிற தேய்ப்பில் இரும்பும் பின்னாலேயே வரும். உங்களுக்கு அலுமினியம் 8 தான். சீலன்ட் என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டர் விளிம்பு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, ஃபில்டருக்குப் பின்னால் வரும் குழாயின் உட்புறத்தில் தூசிப் படலம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

லேப் சிவப்பில் போடாத ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. பெட்ரோல் கலப்பு 3.5 சதவீதம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், இன்ஜின் சூடாகும் முன் அதில் ஒரு பகுதி சுவரில் ஒட்டி, ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் நன்றாகச் சூடாகும்போது அது ஆவியாகிப் போய்விடும். தினமும் நாலைந்து கி.மீ. மட்டும் ஓட்டி நிறுத்தினால் போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினில் இந்தப் பிரச்சினை பெரிதாகி, 2018-ல் சீனாவில் சிஆர்-வி விற்பனையையே சில காலம் நிறுத்தினார்கள். பெட்ரோல் சேரச் சேர ஆயில் நீர்த்துப்போகும். உங்கள் ரிப்போர்ட்டில் 100 டிகிரி பாகுத்தன்மை (அந்தச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது) என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். 5டபிள்யூ-30 ஆயில் என்றால் 9.3-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கியிருந்தால் நீங்கள் 30 கிரேடு ஊற்றி 20 கிரேடில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கும், உள்ளே இறங்கும் பெட்ரோல் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டிருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு அப்படியே நிற்கும். அப்புறம் ஒரு நீண்ட பயணம் போய் வந்ததும் "திடீரென்று அரை லிட்டர் காணோம்" என்பார்கள். அது திடீரென்று போனதில்லை. அதனால் ஆயில் அளவை எப்போதும் ஒரே மாதிரி பாருங்கள்: சமதளம், இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்வதற்கு முன். தேதி, ஓடிய கி.மீ., டிப்ஸ்டிக் போட்டோ. அவ்வளவு போதும்.

ஆயில் ரிப்போர்ட்டுக்கு ஒரு பெரிய குருட்டுப் புள்ளி உண்டு. லேபில் உள்ள கருவி சுமார் ஐந்து முதல் பத்து மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களைத்தான் பார்க்கும். அதைவிடப் பெரிய துணுக்கு அதன் கணக்கில் வராது. சல்லடையில் விழுந்த மாவை அளந்துவிட்டு, மேலே நின்ற கட்டியைப் பார்க்காமல் விடுவது போல. மெதுவான தேய்மானத்தை ரிப்போர்ட் அழகாகக் காட்டும். ஆனால் பேரிங் செதில் செதிலாக உரியத் தொடங்கினால் ரிப்போர்ட் சுத்தமாகவே வரலாம்.

புது இன்ஜின்கள் பல சாவது இந்த இரண்டாவது வழியில்தான். ஹூண்டாய் தனது தீட்டா 2 இன்ஜினுக்காக 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துருவல் ஆயில் வழியில் தங்கி, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்தது. 2024-ல் டொயோட்டா டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் சேர்த்து சுமார் 1,02,000 வண்டிகள். அங்கேயும் தொழிற்சாலையில் தங்கிய துருவல்தான். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக உலகம் முழுக்க 7,00,000-க்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். இந்த மூன்றிலும் சரியாக சர்வீஸ் செய்த ஓனரும் மாட்டினார், செய்யாதவரும் மாட்டினார். உங்கள் காரின் சேசிஸ் எண்ணைப் போட்டு, ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியின் தளத்தில் இன்றைக்கே பாருங்கள். ரீகால் அளவுக்குப் போகாமல், சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் கம்பெனி அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புகளும் உண்டு. "இந்த மாடலில் இந்தச் சத்தத்துக்குக் குறிப்பு ஏதும் வந்திருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். அப்படி ஒன்று இருந்தால் "நார்மல்" என்ற பதில் அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பெரிய துணுக்குகள் எங்கே இருக்கும்? ஆயில் ஃபில்டரில். அடுத்த சர்வீஸில் கழற்றிய பழைய ஃபில்டரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குப்பைக்குப் போகும் பொருள், கேட்டால் கொடுப்பார்கள். தகர டப்பா மாதிரி இருப்பதென்றால் அதற்கென்று உள்ள ஃபில்டர் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்ஸா வேண்டாம், அது போடும் தூளே உள்ளே விழுந்து, பார்க்கிறவரைக் குழப்பும். காகித மடிப்புகளைப் பிரித்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அங்கங்கே மினுமினுக்கும் பொடி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டாத, விரல் நுனியில் தட்டுப்படும் அளவுள்ள செம்பு நிறச் செதிலோ வெள்ளிச் செதிலோ இருந்தால் பேரிங் பேசுகிறது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இயல்பு, ஊசி போன்ற துணுக்கு இயல்பில்லை. எதைக் கண்டாலும் துடைத்துவிடாதீர்கள். ஜாப் கார்டு (புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் சீட்டு) பக்கத்தில் தெரியும்படி வைத்து போட்டோ எடுத்து, ஃபில்டரை மூடிய டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

சத்தத்துக்கு வருவோம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் எப்போதும் டிக் டிக் என்றுதான் ஓடும். பானெட்டைத் திறந்தால் தையல் மிஷின் மாதிரி கேட்கும், அது குறையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு விநாடி கரகரவென்று வந்து நின்றால் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் வடிந்திருக்கலாம். நாளுக்கு நாள் நீண்டால் கவனிக்க வேண்டும். குளிரில் வந்து சூடானதும் மறையும் தட்டல் பிஸ்டனுடையதாக இருக்கலாம், பல இன்ஜின்கள் அதோடு நீண்ட காலம் ஓடுகின்றன. நான் பயப்படுவது இதற்கு நேர்மாறான சத்தத்துக்கு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஆயில் இளகிய பிறகு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து 2,000–3,000 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது அடியிலிருந்து வரும் கனமான தட்டல். அது ராட் பேரிங். அதைக் கேட்ட பிறகு வண்டியை ஓட்டக் கூடாது, தூக்கித்தான் எடுத்துப்போக வேண்டும்.

உங்கள் சத்தம் காலையில் மட்டும் வருவதால், சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். அவர்கள் கேட்டதில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆர்பிஎம் மீட்டர் தெரியும்படி மொபைலில் வீடியோ எடுங்கள். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை டெக்னீஷியன் கேட்க வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

வாரண்டியில் ஜாப் கார்டைவிடப் பெரிய ஆயுதம் ஓனரிடம் இல்லை. அதில் என்ன வார்த்தை ஏறுகிறது என்பதுதான் முக்கியம். "ஓனர் லேப் ரிப்போர்ட் கொண்டுவந்தார்" என்று எழுதினால் அதற்கு எந்த சோதனை முறையும் அவர்கள் கையேட்டில் இல்லை, மூடிவிடுவார்கள். "குளிர் ஸ்டார்ட்டில் சத்தம்", "ஆயிலில் பெட்ரோல் வாசனை, அளவு கூடுகிறது", "ஆயில் குறைகிறது" இப்படி அறிகுறியாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை உண்டு, அதைச் செய்தே ஆக வேண்டும். உங்களுக்கு எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னது சொல்லாததற்குச் சமம். கிளம்பும் முன் "பரிசோதித்தோம், இன்னது கண்டோம்" என்ற வரியோடு முடித்த நகலைக் கையில் வாங்குங்கள். குறை காணவில்லை என்று எழுதியிருந்தாலும் சரி, அந்தக் காகிதம் உங்களுக்குச் சாதகம்தான். வாரண்டி முடிந்த பின் அதே குறை முற்றினால், காலத்துக்குள் புகார் கொடுத்தேன் என்று காட்ட அதுதான் இருக்கும். கருணை அடிப்படையில் கம்பெனி செலவைப் பகிர்ந்துகொள்வதும் பெரும்பாலும் இப்படிப் பதிவு இருப்பவர்களுக்குத்தான்.

ஆயில் குறைகிறது என்று உங்கள் குறிப்பில் தெரிந்தால் ஆயில் கன்சம்ப்ஷன் டெஸ்ட் கேளுங்கள். அவர்கள் ஆயிலை அளந்து ஊற்றி, டிப்ஸ்டிக்கையும் டிரெயின் போல்ட்டையும் சீல் வைத்துத் தருவார்கள். குறிப்பிட்ட தூரம் ஓட்டி வந்ததும் மறுபடி அளப்பார்கள். இதற்கே ஒரு மாதம் இரண்டு மாதம் போய்விடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். கையேட்டில் உள்ள வரம்பைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். சில கம்பெனிகள் ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர், ஏன் ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்று அச்சிட்டிருக்கின்றன. அது இன்ஜினின் நலத்துக்கான அளவு என்பதைவிட வாரண்டி செலவைக் கட்டுப்படுத்தும் அளவு என்பது என் கருத்து. நல்ல புது இன்ஜின் சர்வீஸுக்கு சர்வீஸ் டாப்-அப் கேட்காமல் ஓடும்.

ஆயில் சாம்பிள் எடுத்ததற்கு வாரண்டி போகுமா என்ற பயத்துக்கு இடமில்லை. வடித்த ஆயிலையோ, வெட்டிய பழைய ஃபில்டரையோ பார்த்தால் இன்ஜினில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. வாரண்டியைக் கெடுப்பவை வேறு: தவறிய சர்வீஸ், கையேட்டில் இல்லாத கிரேடு ஆயில், பாட்டிலில் விற்கும் சேர்மானங்கள், ஈசியு ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினியின் நிரலை மாற்றுவது). ரீமேப்பைப் பழையபடி மாற்றிவிட்டால் தெரியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடயம் பல ஈசியுக்களில் தங்கும். வெளியில் சர்வீஸ் செய்தால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையோ தங்கள் சர்வீஸையோ விலைகொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுதந்திர ஒர்க்‌ஷாப்பில் முறைப்படி சர்வீஸ் செய்ததற்காக மறுக்க முடியாது. ஆனால் சட்டம் எதுவாக இருந்தாலும் அவர்கள் கேட்பது பில்தான். பில்லில் ஆயிலின் கிரேடும் கம்பெனி கேட்கும் தர எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். "இன்ஜின் ஆயில், 4 லிட்டர்" என்ற பில் எதற்கும் உதவாது.

உங்கள் நிலையில் நான் ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவேன். பெட்ரோல் கலப்புக்கு மலிவான மருந்து அதுதான். கூடவே வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் புகார் கொடுத்து சோதனைக்கு விடுவதற்கு முந்தின வாரம் ஆயிலை மாற்றிவிடாதீர்கள். அவர்கள் பார்க்க வேண்டிய சாட்சியமே அதுதான்.

சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நல்ல சோதனைதான். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக தொழிற்சாலையில் போட்ட ஹோனிங் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் தேய்மானம் இல்லை. மேலிருந்து கீழாக ஆழமான பட்டைக் கீறல்கள், கோடுகள் மழுங்கிய பளபளப்பு, இவை மோசம். சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட்டும் அப்படித்தான். ஆனால் பிளக்கைக் கழற்ற வேண்டிய எதையும் வாரண்டி இருக்கும்வரை அவர்கள் கையால் செய்ய வையுங்கள், முடிவை எண்ணாக எழுதி வாங்குங்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்டால், காரணம் வாரண்டியில் அடங்குவதாகத் தெரிந்தால் பிரித்த கூலி யாருடையது என்பதை முதலில் எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கும்போது கூட இருந்து போட்டோ எடுங்கள். "இது சாதாரணத் தேய்மானம், வாரண்டியில் வராது" என்றால், எந்த விதிப்படி என்று கேளுங்கள். அந்த விதி பெரும்பாலும் பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் போன்றவற்றுக்கு எழுதியது. 31,000 கி.மீ.யில் தேய்ந்துபோகும் கிராங்க் பேரிங் அந்தப் பட்டியலில் இருக்காது. சர்வீஸ் சென்டர் நகராவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு நகல்களோடு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். அந்த விளக்கு எரியும் அளவுக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது என்றால் பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்று பொருள். எரிந்த பிறகும் ஓட்டியது பல கார்களில் பதிவாகும், மறுப்பதற்கு அவர்களுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

வாரண்டி நீட்டிப்பை இப்போது வாங்கலாமா என்றால், கம்பெனியே தருவதாக இருந்தால் வாங்கலாம், அதுவும் மூல வாரண்டி முடியும் முன்னால். இன்ஜினின் உள்பாகங்கள் சேருமா, முன்பே இருந்த குறைகளை விலக்கியிருக்கிறார்களா என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளி நிறுவனங்களின் திட்டங்களில் இந்த இரண்டாவது வரி பெரும்பாலும் இருக்கும்.

அடுத்த சாம்பிளை 5,000 கி.மீ.யில் அதே லேபுக்கு அனுப்புங்கள். இந்த முறை திறக்காத புது ஆயிலிலும் ஒரு சாம்பிள் சேர்த்து அனுப்பினால் அதிலேயே எவ்வளவு சிலிக்கான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். செம்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் ஆயில் கூலர் என்று விட்டுவிடலாம். பாதித் தூரத்திலேயே மறுபடி 70-ஐத் தொட்டு, வெள்ளீயமும் கூட வந்தால், ஃபில்டர் போட்டோவையும் சேர்த்து அன்றைக்கே ஒரு ஜாப் கார்டு போடுங்கள்.